உதிர்ந்த கதிர் யாருடையது?
கல்லிடைக்குறிச்சி வயலுடையோருக்கு ஒரு திறந்த மடல்

கல்லிடைக்குறிச்சியிலும் அதனைச் சூழ்ந்த கன்னடியன் கால்வாய்ப் பாசனத்திலும் சொந்த வயலிலோ குத்தகை வயலிலோ நெல் விளைவிக்கும் பெரியோர்களுக்கு, அவ்வூரிலேயே வசிக்கும் ஒருவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

பிசானப் பருவத்து நெல் பால்பிடித்து முற்றிக் கதிர் தலைசாய்ந்துவிட்டது; அறுப்பு மிஷினுக்கு யாரிடம் சொல்லி வைப்பது, மணிக்கு என்ன வாடகை பேசுவது என்ற விசாரணைகள் திண்ணைகளில் தொடங்கிவிட்டன. இந்தச் சமயத்தைவிட்டால் என் விண்ணப்பத்துக்கு வேறு சமயம் கிடையாது. அறுப்பு முடிந்த வயலில் உதிர்ந்து கிடக்கும் கதிரையும் மணியையும் பொறுக்க வரும் பெண்களைத் தடுக்க வேண்டாம் என்பதும், அவர்கள் பொறுக்குவதற்கு இரண்டு நாள் அவகாசமும் வயலின் மூலைகளும் அவர்களுக்கென்று விடப்பட வேண்டும் என்பதுமே அந்த விண்ணப்பம். கேட்பது சிறிது, ஆனால் அது தயவாகக் கேட்கப்படுவதன்று, பாத்தியதையாகக் கேட்கப்படுவது என்பதைத் தாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டுமானால், அந்தப் பாத்தியதையின் பூர்வோத்தரத்தைச் சற்று விஸ்தாரமாகச் சொல்லியாக வேண்டும்.

சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். ஆங்கிலத்தில் பொருள்களைச் சேர்த்தலைக் குறிக்கும் வினைச்சொற்கள் பல உண்டு. அவற்றுள் ‘கலெக்ட்’ என்பதை நம் நாட்டுப் பாமரரும் அறிவர். 1801இல் கர்நாடக நவாபிடமிருந்து இந்தச் சீமையின் ஆட்சியைக் கும்பினியார் முழுவதுமாக எடுத்துக்கொண்ட காலத்தையொட்டி, வரி தண்டும் தொழிலையே பெயராகக் கொண்ட அதிகாரி நமக்குக் கலெக்டர் ஆனார். அந்தச் சொல் லத்தீனில் ‘பொறுக்குதல்’, ‘வாசித்தல்’ என்னும் இரு பொருளையும் தரும் ஒரு வேரினின்று பிறந்தது. ஜெர்மானியரும் கதிர் பொறுக்குவதற்கும் புத்தகம் படிப்பதற்கும் ஒரே வினையை வழங்குகின்றனர். எழுத்தெழுத்தாகக் கண்ணால் பொறுக்குவதே வாசிப்பு என்று அம்மக்கள் கருதினார்கள் போலும். ஆயினும் நான் இங்கே பிரஸ்தாபிக்க வந்தது வேறொரு வினை. ‘கிளீன்’ என்பது அது. சுத்தம் செய்தலைக் குறிக்கும் சொல்லின் முதல் வல்லெழுத்தை மெலித்து உச்சரித்தால் இந்தச் சொல் வரும், ஆனால் இரண்டுக்கும் உறவில்லை. அறுவடை செய்தவர் விட்டுச்சென்ற வயலில், எஞ்சியதை ஒவ்வொன்றாகக் குனிந்து எடுத்தல் என்பதே இதன் ஆதிப் பொருள். பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆங்கிலத்துக்கு 14ஆம் நூற்றாண்டில் வந்த இச்சொல்லுக்கு, பிற்கால லத்தீனில் வழங்கிய ஒரு வடிவமும், அதற்கும் முன்னே ரோமர் வருமுன் பிரான்சு தேசத்தில் வாழ்ந்த கெல்டியக் குடிகளின் பாஷையில் ஒரு வேரும் இருந்தன என்பது சொல்லாராய்ச்சியாளர் கொள்கை. ரோமாபுரிச் சேனை அந்தக் குடிகளின் கோட்டைகளை இடித்தது, கடவுளரை மாற்றியது, பாஷையையும் அநேகமாக அழித்தது; கலப்பை, பீப்பாய், வண்டி முதலியவற்றைப் பற்றிய சில சொற்களோடு, உதிர்ந்த கதிரைப் பொறுக்கும் ஏழையின் சொல்லும் பிழைத்துக் கிடந்தது. ஆள்பவர் எந்தச் சொல்லைத் திணித்தாலும் வயலில் குனிந்தவர்கள் தங்கள் சொல்லை விடவில்லை என்று இதிலிருந்து நான் அறிகிறேன். இன்று ஆங்கிலேயர் அந்த வினையைச் செய்தித் துணுக்குகளைச் சிறுகச் சிறுகச் சேகரித்தலுக்கே பெரும்பாலும் வழங்குகின்றனர். ஆராய்ச்சியாளர்கள் தம் கட்டுரைகளில் அதைக் கௌரவமாகக் கையாள்கின்றனர். சொல் படிப்பறைக்குப் போயிற்று. சொல்லுக்குரியவர்களுக்கு வயலில் என்ன நேர்ந்தது என்பதை அந்தத் தேசங்களின் சட்டப் புத்தகங்களில் காணலாம்.

பிரான்சில் 1554இல் இரண்டாம் ஹென்றி அரசன் பிறப்பித்த கட்டளை ஒன்று, முதியோரும் அங்கவீனரும் சிறு குழந்தைகளும் விளைவு எடுத்துச் செல்லப்பட்ட வயலில் பகற்பொழுதிலே கதிர் பொறுக்கலாம் என்று அனுமதித்தது. இங்கிலாந்திலோ, அது சட்டமாக எழுதப்படாமலே வழக்கமாக நெடுங்காலம் நிலவியது. சில கிராமங்களில் மாதா கோயில் மணி காலையில் ஒலித்தால்தான் பொறுக்குவோர் வயலுக்குள் கால் வைப்பர். மாலையில் மீண்டும் ஒலித்தால் யாவரும் வெளியேறுவர். முதியவளுக்கும் குழந்தைக்காரிக்கும் ஓடி முந்துபவர்களால் நஷ்டம் வராதிருக்கவே இந்த ஏற்பாடு. ஒரே ஒரு கதிர்க்கட்டை வயலின் நடுவில் விட்டுவைத்திருந்தால், இன்னும் அறுவடை முடியவில்லை, யாரும் நுழையலாகாது என்று அதற்கு அர்த்தம். அந்தக் கட்டை அகற்றியதும் வயல் பொதுவாகிவிடும். இத்தகைய நயமான ஒழுங்குகள் இருந்த தேசத்தில்தான், ஸஃபோக் ஜில்லாவைச் சேர்ந்த டிம்வொர்த் கிராமத்தில் ஜேம்ஸ் ஸ்டீல் என்னும் விவசாயியின் வயலில் கதிர் பொறுக்கினாள் என்பதற்காக மேரி ஹௌட்டன் என்ற ஏழைப் பெண்ணின் மேல் வழக்குத் தொடரப்பட்டு, 1788இல் லண்டன் நியாயஸ்தலத்தில், கதிர் பொறுக்கும் உரிமை எவருக்கும் பொதுச்சட்டத்தில் இல்லை என்று தீர்ப்பாயிற்று. நீதிபதிகள் நால்வரில் கூல்ட் என்பவர் ஒருவர் மாத்திரம் அந்தப் பெண்ணின் பக்கம் நின்றார். தீர்ப்புக்குப் பின்னும் அடுத்த நூறாண்டு அந்த வழக்கம் இங்கிலாந்தில் சாகவில்லை என்பது, ஜனங்கள் எதை நியாயம் என்று எண்ணினார்கள் என்பதற்குச் சாட்சி.

கூல்ட் தம் கட்சிக்கு ஆதாரமாகக் கொண்டவற்றுள் யூதரின் பழைய வேதமும் ஒன்று. நம் ஜில்லாவில் கிறிஸ்தவர் மிகுதியாதலால் ரூத் என்னும் விதவை போவாசின் வயலில் கதிர் பொறுக்கிய கதை பலருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கதைக்குப் பின்னால் இருக்கும் விதியின் நுட்பம் அவ்வளவாகத் தெரியாது. வயலை ஓரமுட்ட அறுக்கலாகாது, சிந்தியதைப் பொறுக்கலாகாது, மறந்துவிட்ட கட்டை எடுக்கத் திரும்பிப் போகலாகாது என்று விதித்து, இம்மூன்றும் ஏழைக்கும் விதவைக்கும் அந்நியனுக்கும் உரியவை என்றது அவ்வேதம். பின்வந்த யூத நியாயவாதிகள், மூலைக்கென்று விடுவது அறுபதில் ஒரு பங்குக்குக் குறையலாகாது என்றும், அறுப்பவன் கையிலிருந்து ஒன்றிரண்டு கதிர் விழுந்தால் அது ஏழைக்குச் சொந்தம், மூன்று விழுந்தால் உடையவனுக்குச் சொந்தம் என்றும் எண்ணி வரையறுத்தனர். இவ்வளவு சிறிய விஷயத்தில் இவ்வளவு கணக்கா என்று நமக்குத் தோன்றலாம். கணக்கு இருக்கும் இடத்தில்தான் உரிமை இருக்கும் என்பது என் அபிப்பிராயம். கணக்கில்லாத இடத்தில் எஞ்சுவது உடையவனின் மனநிலை ஒன்றுதான், அது நாளுக்கு ஒன்றாக மாறும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். மார்கழி விடியற்காலையில் நம் அக்ரகாரத் தெருக்களில் பாகவதர் ஒருவர் தோளில் செம்பும் கையில் சிப்ளாக்கட்டையுமாக நாமாவளி பாடிக்கொண்டு வர, வீட்டுக்கு வீடு பெண்கள் கோலத்தைக் கடந்து வந்து ஒரு பிடி அரிசியை அந்தச் செம்பில் இடுவதைத் தாங்கள் யாவரும் கண்டிருக்கிறீர்கள். அதற்கு உஞ்சவிருத்தி என்று பெயர். திருவையாற்றுத் தியாகராஜ சுவாமிகள், ராஜசபையை நாடாமல் அவ்விதமே ஜீவித்தார் என்பதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆதிவராகப் பெருமாள் சந்நிதியில் நின்று முத்துஸ்வாமி தீக்ஷிதர் ஆபோகியில் பாடிய ஊர் இது. சங்கீதமும் பஜனையும் நமக்கு அன்னியமல்ல. ஆனால் உஞ்சம் என்ற வடசொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டால் நம்மில் அநேகர் ‘பாடிப் பிக்ஷை வாங்குவது’ என்றே சொல்வோம். அது சரியன்று. அறுத்த வயலிலும் களத்திலும் சிதறிய நெல்மணியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்தலே உஞ்சம். கதிராகக் கிடப்பதை எடுத்தல் சிலம். மனு ஸ்மிருதியின் பல விதிகளை இந்நாளில் ஒருவரும் அங்கீகரிக்க இயலாது, அங்கீகரிக்கவும் கூடாது. ஆனால் அந்நூலே ஜீவன மார்க்கங்களைத் தரம் பிரிக்கும் இடத்தில், உஞ்சத்தையும் சிலத்தையும் ‘ருதம்’, அதாவது சத்தியமே ஆன வாழ்வு, என்று முதலில் வைத்து, கேட்டு வாங்கும் பிக்ஷையை ‘மிருதம்’, அதாவது செத்த வாழ்வு, என்று கீழே வைத்திருக்கிறது. ஒருவர் கையிலிருந்தும் பெறாமல், ஒருவருக்கும் குறைவு உண்டாக்காமல், மண்ணுக்குப் போகவேண்டியதை எடுத்து உண்பதாலேயே அந்த வாழ்வுக்கு அவ்வளவு உயர்வு. மகாபாரதத்தின் சாந்தி பர்வம் உஞ்சவிருத்திக்காரன் ஒருவனின் உபாக்கியானத்தோடுதான் முடிகிறது. அசுவமேத பர்வத்தில், குருக்ஷேத்திரத்தில் தானியம் பொறுக்கிப் பஞ்ச காலத்தில் உயிர் வைத்திருந்த ஒரு குடும்பம் தன் மாவையெல்லாம் அதிதிக்கு அளித்ததையும், அந்த மாவுத் துகள்களில் புரண்ட கீரியின் பாதி உடல் பொன்னானதையும், தருமனுடைய மகாயாகத்தில் புரண்டும் மறுபாதி பொன்னாகாததையும் வியாசர் விவரிக்கிறார். வைசேஷிக தரிசனத்தை வகுத்த கணாதருக்கு அந்தப் பெயர் வந்ததே உதிர்ந்த கணங்களை, அதாவது தானிய மணிகளை, பொறுக்கி உண்டதனால்தான் என்று ஓர் ஐதிகம் உண்டு.

பெரியோர்களே, இங்கேதான் என் நெஞ்சில் நெடுநாளாக உறுத்துகிற விஷயம் இருக்கிறது. வயலில் உதிர்ந்ததைப் பொறுக்குதல் என்ற ஒரே செயலுக்கு நம்மிடம் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. வடமொழிப் பெயரைச் சூட்டினால் அது தவம்; தெருவில் அதற்கு மாலை மரியாதை. தமிழ்ப் பெயரைச் சூட்டினால், ‘பொறுக்கி’ என்பது நம் பிள்ளைகள் வாயில் வரக்கூடாத வசை. பொறுக்கியெடுத்த முத்து, பொறுக்கியெடுத்த விதை என்று உயர்ந்ததைத் தெரிவு செய்வதற்கு நாம் வழங்கும் அதே வினை, ஓர் ஆளைக் குறிக்கும்போது மட்டும் இழிவாகிவிடுகிறது. வேதத்தைத் தமிழாக்கிய பாதிரிமார் ரூத்தின் செயலுக்குப் ‘பொறுக்குதல்’ என்ற சொல்லையே கூசாமல் இட்டனர். அதை வாசிக்கும் எவரும் ரூத்தை இகழ்ந்ததில்லை. அப்படியானால் இழிவு சொல்லிலே இல்லை, செயலிலும் இல்லை. குனிந்தவர் யார், எந்தத் தெருவிலிருந்து வந்தவர் என்பதைப் பார்த்தே இங்கே உயர்வும் தாழ்வும் வைக்கப்பட்டன. நூலணிந்தவர் பொறுக்கினால் ருதம் என்றும், நாற்று நட்டுக் களை பறித்த கையே கதிரையும் பொறுக்கினால் களவுக்கு அடுத்தது என்றும் நம் முன்னோர் பேதம் பாராட்டினர். அந்தப் பேதத்தை நாம் இன்னும் முழுதாக விட்டபாடில்லை.

அந்தக் கையைச் சற்று அருகில் பார்த்தால் அந்தப் பேதம் எவ்வளவு அநியாயம் என்பது விளங்கும். முன்பெல்லாம் கருக்கரிவாளால் அறுத்துக் கட்டுக் கட்டித் தலைச்சுமையாகக் களத்துக்குக் கொண்டுபோன காலத்தில், அரிதாளுக்கு இடையில் விழுந்த கதிர் முழுக்கதிராக இருக்கும். பொறுக்குகிறவள் இடுப்பில் ஓலைப்பெட்டியை இடுக்கிக்கொண்டு, கதிருக்குக் கீழே இரண்டு விரற்கடை விட்டுத் தாளை நகத்தால் கிள்ளுவாள். தலைப்பெல்லாம் ஒரு பக்கமாக வரும்படி இடக்கையில் அடுக்கிக்கொண்டே போவாள். பிடி நிறைந்தால் ஒரு வைக்கோலால் சுற்றிப் பெட்டியில் போடுவாள். அரிதாள் உள்ளங்காலைக் குத்தும். ஈரவயலானால் சேறு கணுக்கால் வரை வாங்கும். வெயில் ஏறுமுன் தொடங்கினால்தான் இடுப்பு தாங்கும். சாயங்காலம் வரப்பு மேட்டில் துணியை விரித்துக் கதிர்களைக் காலால் தேய்த்து, சுளகில் அள்ளிக் காற்றுப் பார்த்துத் தூற்றினால், பதர் போக நிற்பது சில படி நெல். தரையோடு தரையாகக் கிடக்கும் தனி மணியை விளக்குமாற்றால் கூட்டி எடுத்தால் மண்ணும் சேர்ந்து வரும். அதைத் தண்ணீரில் அலசிப் பிரிப்பது வேறொரு வேலை. இதிலே சோம்பேறிக்கு இடம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அறுப்புக்குக் கொத்து அளந்து கொடுத்த நாளில், கூலி நெல்லோடு இந்தப் பொறுக்கு நெல்லும் சேர்ந்துதான் நட்டவள் வீட்டில் உலை ஏறியது. வெயிலும் மழையும் போல இது ஏற்பாட்டில் ஒரு பகுதியாக இருந்தது.

இப்போது மிஷின் வந்துவிட்டது. ஆள் கிடைக்காத காலத்தில், மழை மிரட்டும் வேளையில், ஒரு நாளில் முடிக்கவேண்டியதை ஒரு மணி நேரத்தில் முடித்துத் தரும் அதனை நான் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் அது உதிர்ப்பதே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். நன்றாக முற்றிய பயிரில் முன்பக்கத்து உருளை கதிரை அடிக்கும்போதே மணி கொட்டுகிறது. சாய்ந்த பயிரில் அறுவாய்க்கு எட்டாமல் கதிர் படுத்துவிடுகிறது. பதரோடு சேர்ந்து நல்ல மணியும் பின்னால் பறக்கிறது. செயினில் ஓடும் மிஷின் திரும்பிய இடத்தில் சேற்றுக்குள் அழுந்திய நெல்லை எவராலும் எடுக்க முடியாது, மற்றதை எடுக்கலாம். எடுப்பதற்குத்தான் நேரமில்லை. மிஷின் வெளியேறிய மறுநாளே வைக்கோல் சுருட்டும் வண்டி வருகிறது. அதன் பின்னாலேயே ரோட்டவேட்டர் இறங்குகிறது, அல்லது வெளியூரிலிருந்து வந்து கால்வாய்க் கரையில் தங்கியிருக்கும் வாத்துக் கூட்டம் வயலுக்குள் விடப்படுகிறது. வாத்து உதிர்நெல்லைத் தின்று வயலுக்கு எரு இட்டுப் போகிறது, அதில் தோஷம் இல்லை. வாத்து தின்னலாம், எலி வளைக்குள் இழுத்துப் போகலாம், மிச்சம் மண்ணில் முளைத்து அடுத்த பயிரில் கலப்பு நெல்லாகத் தொல்லை கொடுக்கலாம். ஓலைப்பெட்டியோடு ஒரு கிழவி வரப்பில் வந்து நின்றால் மட்டும் ‘யாரது?’ என்று நாம் குரல் கொடுக்கிறோம். இதற்கு நியாயம் சொல்லக்கூடியவர் தங்களில் ஒருவரும் இரார் என்று நம்புகிறேன்.

ஆட்சேபங்கள் இல்லாமல் இல்லை. பொறுக்கும் சாக்கில் அறுக்காத தாக்கில் கை வைக்கிறார்கள் என்பது ஒன்று. எங்கேனும் அப்படி நடந்திருக்கலாம். அதற்குப் பரிகாரம், இங்கிலாந்துக் குடியானவர் கட்டு ஒன்றை வயலில் நிறுத்திவைத்ததுபோல, எந்த வயல் திறந்தது எது திறக்கவில்லை என்று நாம் தெளிவாக அடையாளம் காட்டுவதே. மற்றோர் ஆட்சேபம் இதைவிடக் கனமானது. 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறதே, இன்னும் பொறுக்குவானேன் என்று கேட்கிறார்கள். ரேஷன் அரிசி இந்த ராஜ்யத்தில் பசியை எவ்வளவு தணித்தது என்பதை நான் நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். பொறுக்க வருகிறவர்களின் தொகை வெகுவாகக் குறைந்துவிட்டது என்பதும் உண்மை. இப்போது வருபவர்கள் பெரும்பாலும் வயது சென்ற பெண்கள். கோழிக்குத் தீனி, பேரப்பிள்ளைக்குப் புதுநெல்லில் இடித்த அவல், கையில் நாலு காசு, அதற்குமேல் ஒருவர் தயவிலும் இல்லாத ஒரு சம்பாத்தியம்: இவையே அவர்கள் நாடுவன. இந்தக் கடைசி விஷயத்தை நான் மிகவும் பெரிதாக மதிக்கிறேன். மகனிடமோ சர்க்காரிடமோ கையேந்தாமல், தானே குனிந்து எடுத்த நெல்லுக்கு அவள் தன் மனத்தில் வைத்திருக்கும் மதிப்பைத்தான் பழைய நூல்கள் ருதம் என்று வர்ணித்தன. வருகிறவர்கள் சிலரே என்பது அவர்களைத் தடுப்பதற்குக் காரணமாகாது. விட்டுக்கொடுப்பது நமக்கு எளிது என்பதற்கே காரணமாகும்.

ஆகவே இந்தப் பிசானத்துக்குத் தாங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். மிஷின் வளைந்து திரும்புவதற்காக வயலின் நான்கு மூலைகளையும் முதலில் ஆள் வைத்துக் கையால் அறுத்துக் கொடுப்பது இப்போதைய வழக்கம். அந்த மூலையில் அறுத்த நெல்லை மிஷினுக்கு ஊட்டாமல் வரப்பில் போட்டுவிடுங்கள். சிறிய தாக்கானால் இரண்டு மூலை போதும். யூதர் விதித்த அறுபதில் ஒரு பங்குக்கு அது எட்டாமற்கூடப் போகலாம், ஆயினும் நம் ஊரில் இவ்வளவிலிருந்தாவது தொடங்கலாம். மிஷின் போன பின் இரண்டு பகல் கழித்தே வைக்கோல் வண்டியையும் ரோட்டவேட்டரையும் வாத்தையும் விடுங்கள். பிசானத்துக்குப் பின் உளுந்து விதைக்க ஈரம் காய்ந்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் ஒரு பகலாவது விடலாம். கதிர் பொறுக்கலாம் என்று அவர்களுக்கு முன்னதாகவே வாய்ச்சொல் போய்ச் சேரவேண்டும், ஏனென்றால் விரட்டப்பட்டுப் பழகியவர்கள் அழைக்காமல் வரமாட்டார்கள். மார்கழி பஜனையை நடத்தும் அன்பர்களில் பலரும் வயலுடையவர்களே. தெருவில் செம்போடு வருபவரை எந்த மரியாதையோடு பார்க்கிறோமோ, அந்த மரியாதையோடு வரப்பில் பெட்டியோடு நிற்பவளையும் ‘வாங்கம்மா’ என்று அழைக்கும்படி அவர்களை விசேஷமாக வேண்டுகிறேன்.

ஒரு காரியம் மட்டும் அவசரம். மிஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை ஆதலால், வயலில் இறங்கிய பிறகு மூலையை ஒதுக்கும்படி சொன்னால் டிரைவர் நிற்கமாட்டார். சம்மதமுள்ளவர்கள் ஏஜெண்டிடம் நாள் குறிக்கும்போதே அதைச் சொல்லி வைத்துவிட வேண்டும். மூலை அறுக்க வரும் ஆட்களிடமும் அறுத்ததை எங்கே போடுவது என்று முதல்நாளே சொல்லிவிட வேண்டும். கீழ்ப்பற்றில் மாசி பிறந்ததுமே அறுப்புத் தொடங்கும் என்று சொல்கிறார்கள்.

இங்ஙனம்,
தங்கள் ஊரான்,
கல்லிடைக்குறிச்சி